பொறுத்துப் பார்க்கக் கூடாத வயது

கேரளத்தில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவை ஐந்து. 2023ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு தரும் எண் இது. அதே கணக்கில் இந்தியா முழுமைக்கும் 25. கேரளத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. இந்தச் சாதனையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அந்தச் சாதனையாலேயே கண்ணில் படாமல் போய்க்கொண்டிருக்கும் ஒரு நோய்க்கூட்டத்தைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தையின் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு, தசையுறை, தசை ஆகியவற்றைப் பிடிக்கும் கடுமையான கிருமித்தொற்றுகளே அவை. தொப்புளைச் சுற்றி ஒரு சிவப்பு, மார்பில் ஒரு கட்டி, தாடைக்கு அடியில் ஒரு வீக்கம், பிட்டத்தில் ஒரு கருநீலத் திட்டு என்று ஆரம்பிக்கும். பெரும்பாலானவை மருந்துக்கு அடங்கிவிடும். சில, ஒரு பகல் ஓர் இரவுக்குள் உயிரைக் கொண்டுபோய்விடும். எது எந்த வகை என்பது முதல் பார்வையில் தெரியாது. நோய் அரிதாக அரிதாக, அதைப் பார்த்த கண்களும் குறைகின்றன. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதிலும் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். ஒருமுறைகூடப் பார்த்திராத நோயை முதல் சில மணி நேரத்திலேயே அவர் சந்தேகித்தாக வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இத்தகைய குழந்தைகள் கடைசியாக வந்து சேரும் இடங்களில் முதன்மையானது எஸ்.ஏ.டி. மருத்துவமனை. 1951இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் வளாகத்தில், சிறு வயதிலேயே இறந்துபோன திருவிதாங்கூர் இளவரசர் அவிட்டம் திருநாளின் நினைவாகத் தாய்சேய் மருத்துவமனை எழுந்தது. பூந்துறை, விழிஞ்ஞம் கடற்கரைக் குடியிருப்புகளிலிருந்தும், கோட்டூர், விதுரை மலையடிவாரங்களிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறையிலிருந்தும் குழந்தைகள் வருவது இங்கேதான். 1956இல் மாநில எல்லை மாறிய பிறகும் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இன்றும் திருவனந்தபுரம்தான். அறுவைச் சிகிச்சை நிபுணர், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை, நுண்ணுயிரி ஆய்வகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. அங்கே வந்து சேர எத்தனை மணி நேரமாகிறது என்பதே என் கவலை. சாலை நல்ல சாலைதான். வீட்டிலும் முதல் ஆஸ்பத்திரியிலும் சொல்லப்படும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற வார்த்தையில்தான் நேரம் போகிறது.

பச்சிளங்குழந்தைக்கு மட்டும் ஏன் இத்தனை அவசரம்? அதன் தோல் மெல்லியது. குறைமாதக் குழந்தைக்கு அதன் மேலடுக்கு முழுதாக உருவாகியே இருக்காது. கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களின் கையிருப்பு குறைவு. தொற்று வந்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே பெருமளவு வந்து சேர்வது கர்ப்பத்தின் கடைசி இரண்டு மாதங்களில்தான். எனவே 30 வாரத்தில் பிறந்த குழந்தை அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லாமலே உலகத்துக்கு வருகிறது. இவற்றோடு தொப்புள். கொடி காய்ந்து விழும்வரை அது ஒரு திறந்த புண். அதன் பின்னால் இருக்கும் இரத்தக் குழாய்கள் நேரே உள்ளே போகின்றன. தொப்புள் சிரை கல்லீரலுக்குப் போகிறது. தமனிகள் இடுப்புக்குள் இறங்குகின்றன. தொப்புளில் பிடித்த தொற்று இந்தச் சிரை வழியே போய்க் கல்லீரலில் சீழ்க்கட்டியாவதும் உண்டு. கல்லீரலுக்குச் செல்லும் நாளத்தில் இரத்தம் உறைந்து, ஆண்டுகள் கழித்துக் குழந்தை இரத்த வாந்தி எடுக்கும்போதுதான் அந்தப் பழைய தொற்றின் சேதி தெரியவருவதும் உண்டு.

எது இயல்பு, எது ஆபத்து என்று பிரித்துச் சொல்லாமல் "கவனமாக இருங்கள்" என்று மட்டும் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. கொடி விழும் முன் அடிப்பாகம் கொஞ்சம் ஈரமாக இருப்பதும் லேசாக வாடை வீசுவதும் இயல்பு. தொப்புளைச் சுற்றிய தோல் சிவந்து, அந்தச் சிவப்பு வயிற்றை நோக்கிப் பரவினால், அல்லது அந்த இடம் தடித்துக் கெட்டியானால், அது இயல்பல்ல. பச்சிளங்குழந்தை நோய்களுக்கான இந்திய அரசின் வழிகாட்டி (ஐ.எம்.என்.சி.ஐ. என்று செவிலியர்கள் சொல்வது) இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தெளிவான கோடு ஒன்றைப் போட்டிருக்கிறது. பத்துக்குக் குறைவான சீழ்க்கொப்புளங்கள் இருந்தால் அவ்விடத்துத் தொற்று. பத்தோ அதற்கு மேலோ, அல்லது ஒரே ஒரு பெரிய கட்டியோ இருந்தால் கடுந்தொற்று என்றே கொண்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல். 35.5க்குக் கீழே இறங்கினால் அதுவும் அதே அளவு ஆபத்து. வளர்ந்தவர்களுக்குத் தொற்று என்றால் உடல் சுடும். பச்சிளங்குழந்தைக்குக் கைகால் சில்லிட்டும் போகலாம். "காய்ச்சல் இல்லையே" என்ற ஆறுதல் இந்த வயதில் எதையும் நிரூபிப்பதில்லை.

மார்புக்கட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தடுக்கக்கூடிய வகை இது. தாயின் ஹார்மோன்களால் ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் பிறந்த சில நாட்களில் மார்பு வீங்கும். சில துளி பால்கூடச் சுரக்கும். தானே அடங்கிவிடும். நம் பக்கத்து வீடுகளில், மலையாள வீடுகளிலும் தமிழ் வீடுகளிலும், குளிப்பாட்டும்போது அதைப் பிழிந்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பிழியும் கையில் உள்ள ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி காயம்பட்ட சுரப்பிக்குள் நுழைகிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள், பெண் குழந்தைகளுக்கு அதிகமாக, ஒரு பக்க மார்பு சிவந்து கெட்டியாகிக் கட்டியாகிறது. தொடக்கத்திலேயே வந்தால் ஊசிவழி மருந்தில் அடங்கும். சீழ் கட்டிவிட்டால் வெளியேற்ற வேண்டும். அதையும் மார்பின் மொட்டுக்குச் சேதமில்லாமல், முடிந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசியால் உறிஞ்சியெடுக்க வேண்டும். கண்டபடி கீறினால் அந்தப் பெண் பருவமடையும்போது ஒரு பக்க மார்பு வளராமல் போகலாம். பிழிந்தது ஒரு நிமிடக் காரியம். பதினைந்து ஆண்டு கழித்து அதன் விலையைக் கொடுப்பவள் அவள்.

தாடைக்குக் கீழும் கன்னத்திலும் வரும் சிவந்த வீக்கம் வேறு ரகம். பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி, பிறந்து ஒரு வாரத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் இப்படித் தலைகாட்டும். மேல்நாடுகளைவிட இந்தியாவில் இது குறைவாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் வந்தால், முகத்தில் தெரிவது ஒரு துண்டு மட்டுமே. கிருமி பெரும்பாலும் ஏற்கனவே இரத்தத்தில் இருக்கும், மூளைச்சவ்வுக்கும் போயிருக்கலாம். அதனால்தான் கன்னத்து வீக்கத்துக்கு முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். அதைக் கேட்டுப் பெற்றோர் அதிர்வது புரிகிறது, ஆனாலும் மறுக்காதீர்கள். உறிஞ்சுக் கருவி வைத்துப் பிரசவம் பார்த்த குழந்தையின் தலைத்தோலில் வரும் சீழ்க்கட்டி, ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கும் குழந்தையின் மூட்டிலோ எலும்பிலோ இருக்கும் தொற்று ஆகியவையும் இதே குடும்பம். தோலில் அநேகமாக ஒன்றும் தெரியாது. டயபர் மாற்றும்போது வீறிட்டு அழுவது மட்டுமே அடையாளமாக இருக்கும்.

இந்தக் கூட்டத்தில் கொடியது நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ், அதாவது தசையுறை அழுகல். பாய்க்கு அடியில் தண்ணீர் பரவுவதுபோல, மேலே தோல் ஓரளவு நன்றாகத் தெரியும்போதே கீழே தசையுறை வழியாகத் தொற்று ஓடிக்கொண்டிருக்கும். தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு குழாய்கள் அங்கே அடைபடும். பிறகுதான் தோல் ஊதா நிறமாகும், கொப்புளிக்கும், கறுக்கும். கறுப்பு தெரியும்போது உள்ளே பல மடங்கு பரப்பு போயிருக்கும். 1924இல் பீக்கிங்கில் மெலனி என்ற அறுவை மருத்துவர் வளர்ந்தவர்களிடம் இதை விவரித்தார். 1952இல் வில்சன் இன்று வழங்கும் பெயரைக் கொடுத்தார். பச்சிளங்குழந்தைகளைப் பொறுத்தவரை நமக்குக் கிடைக்கும் பெரிய தொகுப்பு 1999இல் தைவான் மருத்துவர்கள் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியிட்டது. தங்கள் மூன்று நோயாளிகளோடு உலக மருத்துவ ஏடுகளில் அதுவரை வந்தவற்றைச் சேர்த்து 66 குழந்தைகள். அவர்களில் 47 பேருக்குத் தொப்புள் தொற்றிலிருந்தே தொடங்கியது. இறந்தவர்கள் 39 பேர், நூற்றுக்கு 59. பெரும்பாலோரின் காயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் இருந்தன. இரத்தத்தில் கிருமி வளர்ந்தது ஏறத்தாழப் பாதிப் பேருக்கே. இரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தாலும் நோய் இருக்கலாம் என்பதை இந்தத் தொகுப்பு ஐயமறக் காட்டுகிறது.

இது கட்டுப்பாட்டுச் சோதனை அல்ல. பல நாட்டு நோயாளிக் குறிப்புகளின் கோவை. மோசமானவர்களே எழுதப்படுவார்கள் என்ற சாய்வும் இதில் உண்டு. ஆனாலும் இத்தனை அரிதான நோய்க்குச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஆய்வு செய்ய முடியாது; உள்ளதைக் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். 2004இல் சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்காக இரத்தப் பரிசோதனை எண்களைக் கூட்டி மதிப்பெண் போடும் முறை ஒன்று வந்தது. அதைக் குழந்தைக்குப் போட்டுப் பார்த்து "மதிப்பெண் குறைவு" என்று நிம்மதி அடைவது தவறு. குழந்தைகளிடம் அது நிறுவப்படவில்லை.

சந்தேகிக்கச் சொல்லும் அறிகுறிகள் சில. தோலில் தெரிவதைவிடக் குழந்தை அதிகமாகச் சோர்ந்திருப்பது. சிவப்பின் ஓரத்தைத் தாண்டியும் தொட்டால் அழுவது. தோல் ஆரஞ்சுத் தொலி போல் தடிப்பது. அழுத்தினால் விரலுக்கடியில் நறநறவென்று காற்று நகர்வது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் சில மணி நேரத்தில் ஓரம் நகர்வது. ஓரம் நகர்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம்: சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதினால் போதும். குழந்தையை மேலே அனுப்பும் ஒவ்வொரு மருத்துவமனையும் இதைச் செய்தால், வாங்கிக்கொள்ளும் மருத்துவர் நோயின் வேகத்தை ஒரே பார்வையில் படித்துவிடுவார்.

பாடநூல்கள் சரியாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவற்றில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் குழந்தைகளுடையவை. நம் குழந்தைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் "சிவப்பு" சிவப்பாகத் தெரியாது. தோல் இன்னும் கறுத்தோ, செம்புநிறமாகவோ, வெறுமனே பளபளப்பாகவோ தெரியும். குழல்விளக்கு வெளிச்சத்தில் அதுவும் தவறிப்போகும். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையால் சூட்டையும் விரல் நுனியால் தடிப்பையும் ஒப்பிட வேண்டும், இரு பக்கமும் மாற்றி மாற்றி. குழந்தையை முழுக்கத் துணி அவிழ்த்து, பகல் வெளிச்சத்தில், டயபருக்கு உள்ளேயும் முதுகிலும் பார்ப்பது மருத்துவமனைகளில்கூட அவசரத்தில் விட்டுப்போகிறது.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. பிறந்தவுடன் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசி சில வாரம் கழித்துச் சிறு கொப்புளமாகி உடைந்து ஆறும். அதைக் கீறவோ மருந்து பூசவோ வேண்டாம். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளின் முதுகிலும் தோளிலும் கொழுப்பு இறுகிக் கட்டி கட்டியாகத் தெரிவதுண்டு, அது தொற்றல்ல. ஆனால் அது தொற்றல்ல என்று முடிவுசெய்ய வேண்டியவர் குழந்தை மருத்துவர். வீட்டாரோ மருந்துக்கடைக்காரரோ அல்ல.

சிகிச்சையில் இரண்டு கைகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒன்று மருந்து. இரத்தத்தைச் சோதனைக்கு எடுத்த கையோடு ஊசிவழி ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். சோதனை முடிவு வர இரண்டு நாளாகும், அதுவரை காத்திருக்க முடியாது. தோலில் தொடங்கும் தொற்றுக்கு ஸ்டாஃபைலோகாக்கஸை வெல்லும் மருந்து இருந்தாக வேண்டும். அழுகல் வகைக்குப் பலதரப்பட்ட கிருமிகளையும் எட்டும் கூட்டு மருந்து, அதோடு நச்சு உற்பத்தியை அடக்கும் கிளிண்டமைசின். காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்கு செஃப்ட்ரையாக்சோனைத் தவிர்த்து செஃபோடாக்சிம் தருவது போன்ற நுட்பங்கள் இந்த வயதுக்கே உரியவை. வளர்ந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கை தடுமாறும் இடம் இது.

மற்றது கத்தி. தசையுறை அழுகலில் மருந்து மட்டும் போதாது. இரத்தம் போகாத திசுவுக்கு மருந்தும் போகாது. சந்தேகம் வலுத்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. திறந்து பார்த்தால் சாம்பல் நிறத் தசையுறை, கழுநீர் போன்ற திரவம், விரல் வைத்தாலே பிரிந்து போகும் அடுக்கு, இரத்தம் கசியாத வெட்டு ஆகியவையே நோயை உறுதி செய்யும். இறந்தது முழுவதையும் அகற்றி, 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டும். மூன்று கிலோ குழந்தையின் வயிற்றுத் தோலில் பாதியை எடுத்துவிட்டு வரும் மருத்துவரைப் பெற்றோர் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். துணிந்து எடுத்ததால்தான் அந்தக் குழந்தைகள் பிழைக்கின்றன. தோல் ஒட்டுச் சிகிச்சை பிறகு செய்துகொள்ளலாம். உயர் அழுத்த ஆக்சிஜன், இம்யூனோகுளோபுலின் ஊசி ஆகியவற்றுக்குக் குழந்தைகளிடம் உறுதியான சான்றில்லை. அவற்றைத் தேடி நேரத்தைக் கழிப்பதைவிட, அறுவை அரங்குக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போவது மேல்.

தடுப்பில் தொப்புள் பராமரிப்பு ஒரு நல்ல விவாதம். நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், 4 சதவீத குளோர்ஹெக்சிடின் தடவியதால் கடுமையான தொப்புள் தொற்று முக்கால்வாசி குறைந்தது. இறப்பு 24 சதவீதம் குறைந்தது. பிறகு ஜாம்பியாவிலும் தான்சானியாவின் பெம்பாவிலும் நடந்த ஆய்வுகளில் இறப்பு குறையவில்லை. பிரசவம் வீட்டில் நடக்கிற, தொப்புளில் எதையாவது பூசுகிற ஊரில் அந்த மருந்து காக்கிறது. சுத்தமான ஊரில் அதற்கு வேலையில்லை. திருவனந்தபுரத்துக்குச் சரியானது உலர்ந்த, வெறுமையான தொப்புள். நம்மிடம் ஒரு சிக்கல் மட்டும் மிச்சம்: மருத்துவமனையில் சுத்தமாக வெட்டிய தொப்புளுக்கு வீட்டுக்கு வந்ததும் சுட்ட வசம்புப் பற்று, விளக்கெண்ணெய், சாம்பல். நகரின் கரமனை, சாலை பகுதிகளில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் வசம்பு இல்லாத பிள்ளைப்பேற்று வீடு குறைவு. வயிற்று உப்புசத்துக்கு என்று பாட்டி அன்போடுதான் போடுகிறார். கொடி விழுந்து தொப்புள் காயும்வரை வேண்டாம் என்று அவரிடமே நேரில் சொல்ல வேண்டும். தாயிடம் சொன்னால் போதாது, அந்த வீட்டில் முடிவெடுப்பவர் பாட்டி. பிரசவ ரட்சைக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பெண்களுக்குச் சுகாதாரத் துறை தனியாகப் பயிற்சி தர வேண்டும் என்பது என் கருத்து. குழந்தையின் முழு உடலையும் தினம் தொட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள். அவர்களைப்போல நல்ல கண்காணிப்பாளர் வேறு யாருமில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் படிப்புக் குறைந்த கிராமத்துப் பெண்களுக்கே கடுந்தொற்றை அடையாளம் காணவும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடவும் பயிற்சி தந்தார்கள். 1999இல் லான்செட் இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. ஆஷா பணியாளர்கள் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்க்கும் இன்றைய திட்டம் அங்கிருந்து கிளைத்ததே. 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் அவர்கள் வர வேண்டும். மலையாள வீடுகளில் இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் சடங்கும் அதே நாளில் வருகிறது; உறவினர் அனைவரும் குழந்தையைத் தூக்கும் நாள், கையைக் கழுவிவிட்டுத் தூக்க வேண்டிய நாள். மேல் மருத்துவமனைக்குப் போக முடியாத சூழலில் கிராமச் செவிலியரே முதல் ஜென்டாமைசினைப் போட 2014லிருந்து அரசு அனுமதித்திருக்கிறது. கோட்டூர் மலைக் குடிகளுக்கு இந்த ஓர் ஊசி எட்டிவிட்டால் பயணத்தில் போகும் மணி நேரங்கள் அவ்வளவாக வீணாகாது.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் மக்கள் குழம்பக் கூடாத ஒன்று உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்க்க 2018இல் இந்தியாவிலேயே முதலாகச் செயல்திட்டம் வகுத்த மாநிலம் கேரளம். மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க 2024இல் சோதனைகள் தொடங்கின. அந்த மருந்துகளை நீல உறையில் தரும் ஏற்பாடும் வந்தது. மிகத் தேவையான முயற்சி. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளிடம் அதிகம் கண்ட அசினெட்டோபாக்டர் கிருமிகளில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கும் அடங்காதவை. தேவையில்லாமல் விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் அந்தக் குழந்தைகளிடமிருந்து ஒரு மருந்தைப் பறிக்கிறது. ஆனால் "ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்ற பிரசாரம் சளி இருமலுக்கானது. இரண்டு மாதக் குழந்தையின் கடுந்தொற்றுக்கு அல்ல. அங்கே தாமதமே தவறு. அண்ணன் குடித்து மிச்சமான சிரப்பைத் தம்பிக்கு ஊற்றுவது இரண்டு தவறையும் சேர்த்துச் செய்வது: நோயை அழிக்காமல் அறிகுறியை மட்டும் மறைக்கும்.

சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டியது ஒன்று. மேலே அனுப்பப்படும் ஒவ்வொரு பச்சிளங்குழந்தையின் சீட்டிலும் நான்கு நேரங்கள் எழுதப்பட வேண்டும்: வீட்டார் முதலில் கண்டது, முதல் மருத்துவர் பார்த்தது, முதல் ஊசி போட்டது, எஸ்.ஏ.டி. போன்ற மேல் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. இறப்பை எண்ணத் தெரிந்த மாநிலம் இந்த நேரங்களையும் எண்ண வேண்டும்.

பெற்றோரிடமும் பாட்டிகளிடமும் கேட்பது இது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தால், சில்லிட்டால், தோலில் தடித்த திட்டோ கட்டியோ பரவினால், இரவு என்று பார்க்காமல் கிளம்புங்கள். வழியில் குழந்தையை நெஞ்சோடு அணைத்துச் சூடாக வைத்திருங்கள். குடித்தால் தாய்ப்பால் கொடுங்கள். நீங்களாக மருந்து எதையும் பூச வேண்டாம். ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் குழந்தைக்குச் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம். ஆம்புலன்ஸுக்கு 108, கேரளத்தில் ஆலோசனைக்கு 104 அல்லது 1056, எந்நேரமும்.